ஷெரிப்பின் ஆட்களா, சட்டத்தின் ஆட்களா?

2005 ஜனவரி மாதத்தின் முதல் வாரத்தில் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் கிளேற்றன் கவுண்டியின் புதிய ஷெரிப்பாக விக்டர் ஹில் பதவியேற்றார். பதவியேற்ற முதல் நாளிலேயே 27 ஊழியர்களைச் சிறைக்கூடக் கட்டடத்துக்கு வரவழைத்து, அவர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதாக அறிவித்தார். துப்பாக்கிகளும் பதவிச் சின்னங்களும் வாகனத் திறப்புகளும் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டன. கட்டடத்தின் கூரையில் குறிபார்த்துச் சுடும் வீரர்கள் நிறுத்தப்பட்டிருந்தனர். நீக்கப்பட்டவர்களில் சிலர், கைதிகளை ஏற்றிச் செல்லும் வாகனங்களில் வீடுகளுக்கு அனுப்பிவைக்கப்பட்டனர். முதல் நாள் வரை கைதிகளைக் காவல் செய்தவர்கள், மறுநாள் அதே வாகனத்தில் பயணிகளானார்கள்.

நீதிமன்றம் உடனடியாகத் தலையிட்டது. அந்தக் கவுண்டியின் சிவில் சேவை விதிகளின்படி காரணம் காட்டாமலும் விசாரணை இன்றியும் இவர்களை நீக்க முடியாது என்று கூறி, அவர்களை மீண்டும் வேலைக்கு அமர்த்துமாறு நீதிபதி உத்தரவிட்டார். மக்களால் தெரிவுசெய்யப்பட்ட தனக்குத் தனது அலுவலகத்தை விரும்பியவாறு அமைத்துக்கொள்ளும் அதிகாரம் உண்டு என்பது ஹில்லின் வாதம். அரசாங்க ஊழியர் ஒருவர் தேர்தல் முடிவின் கைதியாக இருக்க முடியாது என்பது மறுதரப்பின் வாதம். அதன் பின்னர் நடைபெற்ற வழக்குகள் அந்தக் கவுண்டியின் வரியிறுப்பாளர்களுக்குப் பல மில்லியன் டொலர் செலவை வைத்தன.

இந்த இரு வாதங்களுக்கும் இடையிலான போராட்டம் கிளேற்றன் கவுண்டியில் தொடங்கியதும் அல்ல, அங்கு முடிந்ததும் அல்ல. அமெரிக்க உள்ளூராட்சியின் வரலாற்றில் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக அது நீடித்து வருகிறது. அந்த வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்ப்பது பயனுடையது.

ஷெரிப் என்பவர் யார்?

நம்மவர்களில் பலருக்கு ஷெரிப் என்றதும் ஹொலிவூட் திரைப்படங்களில் நெஞ்சில் நட்சத்திரச் சின்னத்துடன் குதிரையில் வரும் மனிதரே நினைவுக்கு வருவார். உண்மையில் அந்தப் பதவி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமையுடையது. இங்கிலாந்தில் 'ஷயர்' எனப்பட்ட நிருவாகப் பிரிவு ஒவ்வொன்றிலும் மன்னரின் நலன்களைக் கவனித்த 'ரீவ்' என்ற அதிகாரியே, இரு சொற்களும் இணைந்து, காலப்போக்கில் ஷெரிப் ஆனார். வரி வசூலிப்பதும், நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றுவதும், கைதிகளைக் காவலில் வைத்திருப்பதும் அவரது பணிகள். இலங்கையில் நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றும் பிஸ்கால் அலுவலகத்தை அறிந்த வாசகர்கள், அந்தப் பணியுடன் பொலிஸ் அதிகாரத்தையும் சிறைச்சாலை நிருவாகத்தையும் சேர்த்துப் பார்த்தால் அமெரிக்க ஷெரிப்பின் அதிகாரத்தை ஓரளவு விளங்கிக்கொள்ளலாம்.

இங்கிலாந்தின் குடியேற்றவாசிகள் இந்தப் பதவியைத் தம்முடன் கொண்டுசென்றனர். ஆனால் அங்கு ஒரு பெரிய மாற்றம் ஏற்பட்டது. இங்கிலாந்தில் மன்னரால் நியமிக்கப்பட்ட அதிகாரி, அமெரிக்காவில் மக்களால் தெரிவுசெய்யப்படுபவரானார். இன்று ஏறத்தாழ 3,000 கவுண்டிகளில் ஷெரிப்புகள் தேர்தல் மூலம் பதவிக்கு வருகின்றனர். நகரப் பொலிஸ் தலைவரை நகர முதல்வர் நியமிக்கலாம், நீக்கலாம். ஷெரிப்பை அவ்வாறு நீக்குவது எளிதல்ல. அவர் தனது வாக்காளர்களுக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

சிக்கலின் வேர் இங்குதான் இருக்கிறது. தேர்தலில் வென்றவருக்கு உழைத்தவர்கள் உண்டு. உழைத்தவர்களுக்கு எதிர்பார்ப்புகள் உண்டு. ஷெரிப்பின் கையில் பிரதி ஷெரிப்புகள், சிறைக் காவலர்கள், அழைப்பாணை வழங்குவோர், நீதிமன்றக் காவலர்கள் என்று வேலைகள் ஏராளமாக உண்டு. இவற்றை யாருக்கு வழங்குவது என்பதே கேள்வி.

ஒரு கொலையும் ஒரு சட்டமும்

1829 இல் ஜனாதிபதியாகப் பதவியேற்ற அன்ட்ரூ ஜக்சனின் காலத்திலிருந்து, தேர்தலில் வென்ற கட்சி தனது ஆதரவாளர்களுக்கு அரசாங்க வேலைகளைப் பங்கிட்டுக் கொடுப்பது அமெரிக்காவில் எழுதாத சட்டமாகவே இருந்தது. போரில் வென்றவனுக்குக் கொள்ளைப்பொருள் சொந்தம் என்ற கருத்தில் அதைக் கொள்ளைப்பொருள் முறை என்றே அழைத்தார்கள். 1881 ஜூலையில் ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்ட், சார்ள்ஸ் கிற்றோ என்பவனால் சுடப்பட்டார். தேர்தலில் தான் ஆற்றிய பணிக்காகத் தூதரகப் பதவியொன்று தனக்குக் கிடைக்க வேண்டும் என்று நம்பி, ஏமாற்றமடைந்தவன் அவன். கார்ஃபீல்ட் செப்டெம்பரில் உயிரிழந்தார்.

மக்களின் கோபம் 1883 ஜனவரியில் பென்டில்ரன் சட்டமாக உருவெடுத்தது. அதில் கையெழுத்திட்ட ஜனாதிபதி செஸ்ரர் ஆதர், நியூ யோர்க் சுங்கத் திணைக்களத்தில் இதே வேலைப் பங்கீட்டு அரசியலால் வளர்ந்தவர் என்பது வரலாற்றின் விநோதங்களில் ஒன்று. போட்டிப் பரீட்சை மூலம் நியமனம், அரசியல் காரணத்துக்காகப் பதவி நீக்கம் இல்லை என்ற இரண்டுமே அச்சட்டத்தின் தூண்கள். தொடக்கத்தில் மத்திய அரசாங்க வேலைகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு மாத்திரமே அது பொருந்தியது.

தமிழ் வாசகர்களுக்குச் சுவையான ஒரு தொடர்பு இங்கு இருக்கிறது. அந்தச் சட்டத்தை வரைந்த டோர்மன் ஈற்றன், அதற்கு முன்னர் பிரித்தானியாவின் சிவில் சேவையை ஆராய்ந்து 1880 இல் ஒரு நூலை வெளியிட்டவர். பிரித்தானிய முறைக்கு அடிப்படையாக அமைந்தது 1854 இன் நோர்த்கோட் - ட்ரெவெலியன் அறிக்கை. அதை எழுதிய இருவரில் ஒருவரான சார்ள்ஸ் ட்ரெவெலியன், கிழக்கிந்தியக் கம்பனியின் சேவையில் தமது வாழ்க்கையைத் தொடங்கி, 1859 இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்தவர். சென்னையில் ஆட்சி செய்த ஒருவரின் சிந்தனை, வாஷிங்டனில் எழுதப்பட்ட சட்டமொன்றுக்கும் மூலமாக அமைந்தது.

ஆனால் பென்டில்ரன் சட்டம் மத்திய அரசாங்கத்துடன் நின்றுவிட்டது. நியூ யோர்க் 1883 இலும் மசச்சூசெற்ஸ் 1884 இலும் மாநில மட்டச் சட்டங்களை இயற்றின. கவுண்டிகளை அது சென்றடைய நீண்டகாலம் பிடித்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி 1912 இல் வாக்காளரின் அங்கீகாரத்தைப் பெற்று 1913 இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த தனது சாசனத்தில் சிவில் சேவை முறையையும் சேர்த்துக்கொண்டது. வேறு பல கவுண்டிகளோ ஷெரிப்பின் அலுவலகத்தை அந்த விதிகளுக்கு வெளியிலேயே விட்டுவைத்தன. இன்றும் மாநிலத்துக்கு மாநிலம், ஏன் கவுண்டிக்குக் கவுண்டி நிலைமை வேறுபடுகிறது.

விதிகள் எவ்வாறு செயற்படுகின்றன?

சிவில் சேவை விதிகள் என்று பொதுவாகச் சொன்னாலும் அவற்றில் நான்கு முக்கிய அம்சங்கள் உண்டு. முதலாவது, பரீட்சையும் தகுதிப் பட்டியலும். பல இடங்களில் பட்டியலின் முதல் மூவரில் ஒருவரையே தெரிவுசெய்ய வேண்டும் என்ற விதி நீண்டகாலம் இருந்தது. இரண்டாவது, தகுதிகாண் காலம். அந்தக் காலத்துக்குள் ஒருவரை எளிதில் நீக்கலாம். அதன் பின்னர் முடியாது. மூன்றாவது, தகுந்த காரணமும் விசாரணையும் மேன்முறையீடும். நிரந்தரப் பணி உரிமை பெற்ற அரசாங்க ஊழியரை நீக்குவதற்கு முன்னர் குற்றச்சாட்டை அறிவித்து விளக்கமளிக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்று 1985 இல் லவுடர்மில் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் ஒருவர் சாதாரண பாதுகாப்புக் காவலாளி. நான்காவது, விதிவிலக்குகள். ஷெரிப்பின் நேரடி உதவியாளர், அந்தரங்கச் செயலாளர் போன்ற சில பதவிகள் விதிகளுக்கு வெளியே வைக்கப்படுகின்றன.

ஷெரிப்புகள் கேட்கும் நெகிழ்வுத்தன்மை இந்த நான்காவது அம்சத்தை விரிவாக்குவதும், முதலாவதையும் மூன்றாவதையும் தளர்த்துவதுமே. அந்தக் கோரிக்கையில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சிறைக்கூடத்தை ஒரு மணி நேரமேனும் காவலர் இன்றி விட முடியாது. பரீட்சை நடத்தி, பட்டியல் வெளியிட்டு, பின்னணியை ஆராய்ந்து ஒருவரை நியமிப்பதற்கு மாதங்கள் கடந்துவிடும்போது, இருக்கும் காவலர்கள் கட்டாய மேலதிக நேர வேலையால் களைத்துப்போகிறார்கள். களைத்த காவலரும் நிரம்பி வழியும் சிறையும் ஆபத்தான கூட்டு. மேலும், ஊழல் மலிந்த அலுவலகம் ஒன்றைச் சீர்திருத்துவதாக வாக்குறுதி அளித்து வென்ற ஒருவருக்கு, அந்த ஊழலில் ஊறியவர்களையே கீழே வைத்துக்கொண்டு பணியாற்றுமாறு கூறுவதும் எளிதான அறிவுரை அல்ல.

குக் கவுண்டியின் கதை

சிகாகோ நகரை உள்ளடக்கிய குக் கவுண்டியில் 1970 தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ரிச்சர்ட் எல்றொட் ஷெரிப்பாகத் தெரிவானார். முதலாண்டு சிகாகோவில் இடம்பெற்ற கலகமொன்றின்போது, நகரசபையின் சட்டத்தரணியாகக் கடமையிலிருந்த வேளையில் கழுத்து எலும்பு முறிந்து உடல் செயலிழந்தவர் அவர். அவருக்கு முன்னர் பதவியிலிருந்த குடியரசுக் கட்சியின் ஜோசப் வூட்ஸ், ஜனாதிபதி நிக்ஸனின் புகழ்பெற்ற செயலாளர் றோஸ் மேரி வூட்ஸின் சகோதரர்.

அக்காலத்தில் குக் கவுண்டியில் ஷெரிப் மாறினால் சிவில் சேவைப் பாதுகாப்பு இல்லாத ஊழியர்களும் மாறுவது வழமை. புதிய கட்சியில் சேர வேண்டும், அல்லது அதன் தலைவர்களில் ஒருவரின் பரிந்துரையைப் பெற வேண்டும். இல்லையேல் வீட்டுக்குப் போக வேண்டும். அவ்வாறு நீக்கப்பட்டவர்களும் நீக்கப்படும் அபாயத்திலிருந்தவருமான குடியரசுக் கட்சி ஊழியர்கள், அழைப்பாணைப் பிரிவின் தலைவராயிருந்த ஜோன் பர்ன்ஸ் முதலானோர், நீதிமன்றத்தை நாடினர். எதிராளிகளில் சிகாகோவின் சர்வவல்லமை படைத்த மேயர் ரிச்சர்ட் டேலியும் ஒருவர்.

1976 ஜூன் 28 இல் உச்ச நீதிமன்றம் 5 இற்கு 3 என்ற பெரும்பான்மையுடன் ஊழியர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கொள்கை வகுக்கும் பொறுப்பில் இல்லாத ஊழியர் ஒருவரை அவரது கட்சிச் சார்புக்காக மாத்திரம் நீக்குவது, அரசியலமைப்பின் முதலாவது திருத்தம் உறுதிசெய்யும் கருத்துச் சுதந்திரத்தையும் ஒன்றுசேரும் சுதந்திரத்தையும் மீறும் செயல் என்பது நீதியரசர் பிரெனனின் முடிவு. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதியரசர் பவல், வேலை வழங்கும் வழக்கம் கட்சிகளை உயிர்ப்புடன் வைத்திருக்கிறது என்றும் சாதாரண மனிதர்களை அரசியலுக்குக் கொண்டுவருகிறது என்றும் வாதிட்டார். 1980 இல் பிரான்ரி வழக்கிலும் 1990 இல் ரூட்டன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இந்தப் பாதுகாப்பை மேலும் விரிவுபடுத்தி, ஆட்சேர்ப்புக்கும் பதவியுயர்வுக்கும் இடமாற்றத்துக்கும் கூட அதைப் பொருத்தியது.

இதன் முக்கியத்துவம் என்னவெனில், சிவில் சேவை விதிகள் இல்லாத இடத்திலும் ஊழியருக்கு ஓர் இறுதி அரண் கிடைத்தது. எழுதப்பட்ட விதி கைவிட்டாலும் அரசியலமைப்பு கைவிடாது என்ற நிலை தோன்றியது.

பிரதி ஷெரிப் யாருடைய ஆள்?

ஆனால் அந்த அரணிலும் ஒரு வாயில் திறந்தே இருந்தது. கொள்கை வகுப்போருக்கும் அந்தரங்க ஊழியர்களுக்கும் இப்பாதுகாப்பு இல்லை என்றால், ஷெரிப்பின் பெயரில் ஆயுதம் ஏந்தி, அவரது பெயரில் கைது செய்யும் பிரதி ஷெரிப் எந்த வகையைச் சேர்ந்தவர்?

வட கரோலைனாவின் பன்கம் கவுண்டியில் 1994 இல் தெரிவான பொபி மெட்ஃபோட் என்ற ஷெரிப், தேர்தலில் தன்னை ஆதரிக்காத பிரதி ஷெரிப்புகளை நீக்கினார். 1997 இல் நான்காவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம், அந்த மாநிலத்தில் பிரதி ஷெரிப் என்பவர் ஷெரிப்பின் மறு உருவமே என்ற அடிப்படையில், அரசியல் விசுவாசத்தை எதிர்பார்ப்பது சட்டபூர்வமானது என்று தீர்ப்பளித்தது. மெட்ஃபோட் 2006 வரை பதவியிலிருந்தார். பின்னர், சட்டவிரோத சூதாட்ட இயந்திரக்காரர்களிடம் பணம் பெற்றது தொடர்பான வழக்கில் 2008 இல் குற்றவாளியாகக் காணப்பட்டுச் சிறை சென்றார். கேள்வி கேட்கக்கூடியவர்கள் முதலில் வெளியேறிவிட்ட அலுவலகத்தில் கேள்விகள் எழாமல் போவதில் வியப்பில்லை.

அதே நீதிமன்றம் 2013 இல் மற்றொரு வழக்கை விசாரித்தது. வேர்ஜீனியாவின் ஹம்ப்டன் நகரத்தில் 2009 தேர்தலில் மீண்டும் வென்ற ஷெரிப், ஆறு ஊழியர்களுக்கு மறுநியமனம் வழங்க மறுத்தார். அவர்களில் ஒருவர் செய்தது, எதிர்வேட்பாளரின் முகநூல் பக்கத்தில் 'விருப்பம்' என்ற பொத்தானை அழுத்தியது. ஒரு பொத்தானை அழுத்துவது பேச்சு ஆகாது என்று கீழ் நீதிமன்றம் கூறியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மறுத்து, வீட்டு முற்றத்தில் வேட்பாளரின் பதாகையை நாட்டுவதற்கு ஒப்பான கருத்து வெளிப்பாடே அது என்று தீர்ப்பளித்தது. அத்துடன், பதவியின் பெயரை அல்ல, செய்யும் வேலையையே பார்க்க வேண்டும் என்றும் விளக்கியது. பிரதி ஷெரிப் என்ற பட்டம் இருந்தாலும், கைது செய்யும் அதிகாரமின்றிச் சிறையில் காவல் புரிபவரிடம் அரசியல் விசுவாசத்தைக் கேட்க முடியாது.

விதிகளின் மறுபக்கம்

விதிகள் எப்போதும் நீதியின் பக்கமே நின்றன என்று எண்ணிவிடக் கூடாது. முதல் மூவரில் ஒருவரைத் தெரிவுசெய்யும் விதியுடன், 1914 முதல் மத்திய அரசாங்க விண்ணப்பதாரர்கள் புகைப்படத்தையும் இணைக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தபோது, கறுப்பினத்தவர்களைப் பட்டியலிலேயே தாண்டிச் செல்ல அது வசதியாயிற்று. அந்த நிபந்தனை 1940 வரை நீடித்தது. வேலையில் பாகுபாட்டைத் தடைசெய்யும் 1964 இன் குடியியல் உரிமைகள் சட்டம், மாநில, உள்ளூராட்சி ஊழியர்களுக்கு 1972 இலேயே விரிவாக்கப்பட்டது. அதன் பின்னரே பல பொலிஸ், ஷெரிப் பிரிவுகளின் எழுத்துப் பரீட்சைகள் நீதிமன்றங்களின் ஆய்வுக்கு உள்ளாயின.

விதி அளவுமீறி இறுகும்போது ஏற்படும் விபரீதத்துக்கும் குக் கவுண்டியே உதாரணம். அங்கு ஷெரிப்பின் ஊழியர்களை நீக்கும் அதிகாரம் தகுதிச் சபை ஒன்றிடம் இருக்கிறது. சபை உறுப்பினரின் பதவிக்காலம் 6 ஆண்டுகள் என்று சட்டம் சொன்னது. உறுப்பினர் ஒருவர் அதைவிடக் குறைந்த காலத்துக்கு நியமிக்கப்பட்டிருந்தார் என்ற காரணத்தால், சபையே சட்டப்படி அமையவில்லை என்றும், அது ஓர் உத்தியோகத்தரை நீக்கியது செல்லாது என்றும் 2017 இல் இலினோய் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றச்சாட்டு உண்மையா, பொய்யா என்பது அங்கு பேசுபொருளாகவே இல்லை. தொடர்ந்து பலர் தமது நீக்கத்தையும் எதிர்த்து வழக்காடப் புறப்பட்டனர். அதே ஆண்டின் இறுதியில் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்த நேர்ந்தது.

இன்னொரு உதாரணம் லொஸ் ஏஞ்சல்ஸ். நாட்டின் மிகப் பெரிய ஷெரிப் திணைக்களம் அது. 2018 நவம்பர் தேர்தலில் வென்ற அலெக்ஸ் வியனுவேவா, தனது தேர்தல் பணியில் ஈடுபட்ட முன்னாள் பிரதி ஷெரிப் ஒருவரை மீண்டும் பணியில் சேர்த்தார். பெண்ணொருவருக்கு எதிரான வன்முறைக் குற்றச்சாட்டில் 2016 இல் நீக்கப்பட்ட அவரது நீக்கத்தைச் சிவில் சேவை ஆணைக்குழு ஏற்கெனவே உறுதிசெய்திருந்தது. கவுண்டி நிருவாகமே ஷெரிப்புக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தது. ஆணைக்குழுவின் முடிவைத் தனியே மாற்றியமைக்க ஷெரிப்புக்கு அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் கூறியது. 2022 தேர்தலில் வியனுவேவா தோல்வியடைந்தார்.

கவனித்துப் பார்த்தால் இவ்விடத்தில் ஒரு முக்கிய உண்மை தெரியும். கிளேற்றனில் விதி ஊழியரை நீக்கவிடாமல் தடுத்தது. லொஸ் ஏஞ்சல்ஸில் அதே வகையான விதி, நீக்கப்பட்டவரைத் திரும்பச் சேர்க்கவிடாமல் தடுத்தது. இரண்டு இடங்களிலும் தடுக்கப்பட்டது ஒன்றே: தனிமனிதரின் விருப்பம்.

எது நெகிழ வேண்டும்?

நெகிழ்வுத்தன்மை வேண்டுமா, விதிகள் வேண்டுமா என்ற கேள்வியே பிழையான கேள்வி என்பது எனது கருத்து. ஆட்சேர்ப்பின் வேகம் நெகிழலாம். பரீட்சையின் வடிவம் நெகிழலாம். முதல் மூவர் என்ற எல்லை விரியலாம். பல இடங்களில் அது ஏற்கெனவே விரிந்துவிட்டது. சேவையின் தேவைக்கேற்ப இடமாற்றங்கள் செய்யலாம். ஷெரிப் தனது உயர்மட்ட உதவியாளர்களைத் தாமே தெரிவுசெய்யலாம். தகுதிச் சபை ஒன்றின் வெற்றிடத்தை நிரப்பும் முறையும் எளிதாகலாம். இவை யாவும் நிருவாக வசதிகள்.

நெகிழக் கூடாதது ஒன்று உண்டு. கைது செய்யும் அதிகாரமும் சிறையின் திறப்பும் கையில் உள்ள ஒருவர், தனது அடுத்த மாதச் சம்பளத்துக்காக அரசியல்வாதி ஒருவரின் முகத்தைப் பார்க்கும் நிலை வரக்கூடாது. அந்த நிலை வந்தால், சட்டம் அவரது கையில் இருக்காது. அவரை வேலைக்கு வைத்தவரின் கையில் இருக்கும். நீக்கத்துக்குக் காரணமும் விசாரணையும் கேட்பது ஊழியருக்கு வழங்கும் சலுகை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது, அந்த ஊழியரால் நாளை கைது செய்யப்படக்கூடிய பொதுமகனுக்கான பாதுகாப்பு.

கிளேற்றன் கவுண்டியின் விக்டர் ஹில்லின் கதை பின்னர் எங்கு சென்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2008 இல் தேர்தலில் தோற்றார். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டிருந்த நிலையிலேயே 2012 இல் மீண்டும் வென்றார். 2013 இல் அந்த வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். தமது காவலிலிருந்த கைதிகளை நியாயமின்றி நாற்காலியில் மணிக்கணக்காகப் பிணைத்து வைத்து அவர்களது உரிமைகளை மீறியதாக 2022 இல் மத்திய நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டார். 2023 இல் அவருக்கு 18 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்த நாற்காலிகளில் கைதிகளைப் பிணைத்தவர்கள் அவரது ஊழியர்கள். முதல் நாளிலேயே 27 பேர் வாயிலுக்கு வெளியே அனுப்பப்பட்டதைக் கண்ட ஓர் அலுவலகத்தில், முடியாது என்று சொல்வதற்கு ஒருவருக்கு எவ்வளவு துணிவு வேண்டும்?

அமெரிக்காவில் வாழ்ந்து வாக்குரிமை பெற்றுள்ள நமது வாசகர்கள் பலர், ஜனாதிபதித் தேர்தலில் காட்டும் அக்கறையை வாக்குச்சீட்டின் கீழ்ப்பகுதியில் இருக்கும் ஷெரிப்பின் பெயரில் காட்டுவதில்லை. அடுத்த முறை அந்தப் பெயரைப் பார்க்கும்போது, தமது கவுண்டியில் பிரதி ஷெரிப் ஒருவரை நீக்குவதற்கு என்ன விதி இருக்கிறது என்பதையும் விசாரித்துப் பார்ப்பார்களாக.